சப்ரஸரைப் பூட்ட மரையா, டேப்பரா, கிளிக்கா?

துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கப் பேரல் முனையில் மாட்டும் குழல்தான் சப்ரஸர். அதை வாங்கப் போகிறவர்கள் எத்தனை டெசிபல் குறையும் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அது பேரலில் எப்படி உட்காரும் என்ற பேச்சு கடைசியில்தான் வரும். ஆனால் குண்டு சப்ரஸருக்குள் இருக்கும் தடுப்புத் தட்டில் உரசுவது, குறி விலகுவது, சுடச்சுடக் கழன்று வருவது எல்லாம் பெரும்பாலும் இந்த இணைப்பில் தொடங்குகிற கோளாறுகள்.

முதலில் மரை அளவு. .223 காலிபருக்கு வழக்கமாக 1/2×28 (அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை), .308-க்கு 5/8×24. ஐரோப்பிய ரைஃபிள்களில் எம்14×1 (14 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி), எம்15×1, எம்18×1 எனப் பலவகை. ஏ.கே.எம். வகையில் 14×1, அதுவும் இடது மரை. மரை ஏறிவிட்டால் பொருத்தம் சரி என்று எண்ண வேண்டாம். 9 மி.மீ. பேரல்களிலும் 1/2×28 உண்டு, .223 அளவுக்கான 5.56 மி.மீ. சப்ரஸர் அதில் சுலபமாக ஏறிவிடும், துளைதான் குண்டைவிடச் சிறியது.

மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும். நேராக நிறுத்துவது மரைக்குப் பின்னால் பேரல் தடிக்கும் இடத்தில் இருக்கும் படி, அதாவது தோள். அந்த முகம் பேரல் துளைக்குச் செங்குத்தாக இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சப்ரஸரும் கோணலாகத்தான் நிற்கும். 0.1 டிகிரி சாய்வு 200 மி.மீ. தள்ளி 0.35 மி.மீ. விலகலாகிவிடுகிறது. மெல்லிய பேரலில் பெரிய மரை வெட்டினால் தோளே மிஞ்சாது.

ஒரே ஒரு போல்ட் ரைஃபிள், அதிலிருந்து சப்ரஸரை அதிகம் கழற்றப் போவதில்லை என்றால் நேரடி மரையே போதும். எடை குறைவு, நீளம் குறைவு, நடுவில் பிழை சேர இன்னொரு பாகமும் கிடையாது. சூடேறினால் தளரும், அவ்வளவுதான். சில ரவுண்டுக்கு ஒருமுறை துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, தடித்த கையுறையோடு இறுக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மூன்று ரைஃபிள்களுக்கு ஒரே சப்ரஸர் என்றால் டேப்பர் மவுண்ட். ஒவ்வொரு பேரலிலும் ஒரு மஸில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்கும் முனை) அல்லது ஃபிளாஷ் ஹைடர் (தீப்பொறியை மறைக்கும் முனை) நிரந்தரமாக இருக்கும். அதன் கூம்பு முகத்தில் சப்ரஸர் வந்து அமரும். கூம்பு தானே மையம் பிடிக்கும், வாயுக் கசிவையும் அடைக்கும், மரைக்குள் கரி போகாது. பிரேக் இருந்தால் முதல் தட்டின் தேய்மானமும் குறையும். சப்ரஸரின் பின்பக்கம் 1.375×24 மரை உள்ளதாகப் பார்த்து வாங்கினால், பின்னாளில் மவுண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ராட்செட் என்ற பல் பூட்டில் கிளிக்கென்று பூட்டும் வகைகள் வேகமானவை. ஆனால் சுட்ட சூட்டில் அதை வெறுங்கையால் தொடவே முடியாது. அந்த வேகம் யாருக்குப் பயன்படுகிறது என்பது வேறு கேள்வி. எடையும் கூடும், பூட்டில் கரி ஏறினால் பிடித்துக்கொள்ளும்.

பிரேக்கைப் பேரலில் பூட்டும்போது, இறுக்கினால் நசுங்கும் கிரஷ் வாஷர் போடவே கூடாது. அது ஒரு பக்கம் அதிகமாக நசுங்கி பிரேக்கைச் சாய்த்துவிடும். திசை சரிசெய்ய ஷிம் எனும் மெல்லிய தட்டை வளையம் போதும், அதுவும் தேவைப்பட்டால்தான். மரையில் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, சூடு தாங்கும் பசையான ராக்செட் இரண்டு சொட்டு விட்டு, தயாரிப்பாளர் சொல்லும் முறுக்கு விசையில் (டார்க்) இறுக்குங்கள். பெரும்பாலும் 27 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். ஒரு நாள் காய விடுங்கள். சாதாரண மரைப் பசை சூட்டில் இளகி, சப்ரஸரைக் கழற்றும்போது பிரேக்கும் சேர்ந்து வந்துவிடும். ராக்செட்டைப் பிரிக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும்.

முதல் குண்டுக்கு முன், அறையும் மேகசினும் காலி என்று உறுதி செய்துகொண்டு, காலிபருக்கேற்ற நேர்க்கம்பியைச் சப்ரஸர் முனை வழியாகப் பேரலுக்குள் விட்டுப் பாருங்கள். முனைத் துளையில் கம்பியைச் சுற்றி இடைவெளி ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி நின்றால் சுட வேண்டாம். சப்ரஸரைக் கழற்றித் தோளையும் கூம்பையும் துடைத்து மறுபடி பூட்டிப் பாருங்கள். பல சமயம் ஒரு கரித் துணுக்குதான் காரணமாக இருக்கும். அப்படியும் நேராகவில்லையென்றால் பேரல் துப்பாக்கித் தொழிலாளியின் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

பூட்டியபின் குறி இடம் மாறுவது இயல்பு. ஒவ்வொரு முறை பூட்டும்போதும் ஒரே அளவில் மாறுகிறதா என்று பாருங்கள். மூன்று முறை கழற்றி மாட்டி, மூன்று குழுவாகச் சுட்டாலே தெரிந்துவிடும்.