கால் முறிந்தவர் குழித்தறிக்குத் திரும்பும் வரை

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மழை நாளில் வண்டி சறுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால், பெரும்பாலும் எலும்புக்குள் ராடு விட்டு மேலும் கீழும் ஸ்க்ரூ போடுவார்கள். அந்த ஆபரேஷன் சில மணி நேர வேலைதான். எலும்பு ஒன்றுசேர 4 முதல் 6 மாதம் பிடிக்கும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்திருந்தாலோ, பீடி சிகரெட்டை விடாவிட்டாலோ இன்னும் இழுக்கும்.

முதல் சில வாரங்களில் வீட்டில் நடக்கும் பெரிய தவறு தலையணைதான். பாசத்தில் முழங்காலுக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். வலி குறைவதென்னவோ உண்மை, ஆனால் கால் மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகிவிடும். தலையணை குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில்தான் இருக்க வேண்டும். முழங்கால் நீண்டிருக்க, பாதம் நெஞ்சை விட உயரத்தில். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் 20 தடவை அசைக்கணும். ரத்தம் கட்டாமல் இருக்க இது முக்கியம். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு திணறினால் உடனே 108.

"15 கிலோ வரை ஊன்றலாம்" என்று டாக்டர் சொல்வார். 15 கிலோ எப்படியிருக்கும் என்று காலுக்குத் தெரியாது. முள் வைத்த எடை மெஷின் ஒன்றைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்குப் பலகை போட்டு நல்ல காலை அதில் வையுங்கள். அக்குளில் வைத்து நடக்கும் ஊன்றுகட்டைகளைப் பிடித்தபடி அடிபட்ட காலை மெஷினில் மெல்ல அழுத்தி, முள் 15 தொடும்போது நிறுத்துங்கள். தினமும் பத்துத் தடவை செய்தால் சில நாளில் கால் அந்த அளவைப் பிடித்துக்கொள்ளும்.

கட்டையின் மேல் முனைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரத்தை உள்ளங்கைதான் தாங்கணும். அக்குளில் சாய்ந்து நின்றால் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிப்போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில்.

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் குழித்தறி நெய்பவர்களுக்கு நடக்க வந்துவிட்டால் மட்டும் போதாது. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் கைத்தறி அது, குழியில் கால் தொங்கும். முழங்கால் 90 டிகிரி மடங்கணும், குழிக்குள் இருக்கும் மிதிகட்டையை அழுத்தவும் விடவும் கணுக்கால் இரு பக்கமும் அசையணும். கட்டிலில் படுத்தே கிடந்தால் பாதம் கீழ்நோக்கி இறுகிவிடும். துண்டை முன்பாதத்தில் மாட்டி உடம்பு பக்கமாக இழுத்து 30 விநாடி பிடியுங்கள். தறியில் உட்கார டாக்டர் சம்மதித்த பிறகும் முதல் வாரம் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் தொங்கும் கால் வீங்கும். எழுந்து, காலை உயர்த்திப் படுத்து, வீக்கம் வற்றிய பிறகு அடுத்த 20 நிமிடம்.

மனசு கனப்பது மூன்றாம் மாதத்தில்தான். பார்க்க வந்த கூட்டம் நின்றிருக்கும், கூலி இருக்காது, தறியில் ஏற்றிய பாவு நூல் பாதி நெய்தபடி நிற்கும். "நல்லாத்தானே இருக்கீங்க" என்று யாராவது சொன்னால் அழுகை முட்டும், இல்லை வீட்டார் மேல் எரிந்து விழ வைக்கும். இதை நோயின் ஒரு பகுதியாகவே வீட்டார் எடுத்துக்கொள்ளணும். உட்கார்ந்தபடி தார் சுற்றும் (குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றும்) வேலையையாவது கையில் கொடுங்கள். விழுந்த காட்சி கண்முன் வந்துகொண்டே இருந்து தூக்கம் ஒரு மாதத்துக்கு மேல் கெட்டால் மனநல டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மீண்டும் மலையேறும் பயத்துக்கும் படிப்படியாகத்தான் வழி. முதலில் பகலில், வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து, அடிவாரம் வரை. சில நாள் கழித்து இரண்டு வளைவு. கை நடுங்கினால் அகலமான இடம் பார்த்து ஓரமாக நிறுத்தி, நடுக்கம் தணியும் வரை உட்கார்ந்துவிட்டுத்தான் மலையிறங்கணும். நடுங்கும்போதே திரும்பினால், அடுத்த முறை அடிவாரத்திலேயே பயம் பிடித்துக்கொள்ளும்.