பத்தரை மணி அழுத்தம்

ஜனவரி 3

சிங்கப்பூர், காற்றழுத்தம் ஹெக்டோபாஸ்கலில். காலை 10.30: 1,011.1. மாலை 5.00: 1,007.6. காற்று வடகிழக்கிலிருந்து, மெதுவாக. ஒன்றுமில்லை.

ஜனவரி 4

10.30: 1,011.0.

எங்கள் வானிலைக் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி நேற்று மாலை பதறிவிட்டான். "அண்ணே, காலையிலேர்ந்து மூன்றரை இறங்கிடுச்சு, ஏதோ வருது!" எதுவும் வரவில்லை. கடலுக்கு ஏற்றவற்றம் இருப்பதுபோல வளிமண்டலத்துக்கும் உண்டு. நிலநடுக்கோட்டுப் பக்கம் அது தினமும் தவறாமல் தெரியும். சூரியக் கணக்கில் பகல் பத்தும் இரவு பத்தும் உச்சம். விடிகாலை நாலும் மாலை நாலும் தாழ்வு. நம் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் உலக நேரத்தைவிட எட்டு மணி முந்தி ஓடுகிறது. சூரியன் உச்சிக்கு வரும்போது இங்கே மணி ஒன்று தாண்டிவிடும். ஆகவே நமக்கு உச்சம் பத்தரை, பதினொன்று. தாழ்வு ஐந்தை ஒட்டி.

வடக்கிலிருந்து குளிர்காற்று பாய்ந்துவரும் வாடை எழும்போது இங்கே ஏறும் அழுத்தம் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல்தான். அன்றாட ஆட்டத்தைவிட அது சிறியது. காலையை மாலையோடு ஒப்பிட்டால் அகப்படவே அகப்படாது. நேற்றைய பத்தரையோடு இன்றைய பத்தரை, அவ்வளவுதான் கணக்கு.

இன்னொன்று, மாடி. இந்த வெப்பத்தில் 8.7 மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். கைப்பேசியில் அழுத்தமானி இருந்தால் மின்தூக்கியில் வைத்துப் பார்க்கலாம்: 11ஆம் மாடியிலிருந்து தரைக்கு வருவதற்குள் 3.2 ஏறுகிறது. சமையலறையில் ஒரு நாள், கீழே காப்பிக்கடையில் மறுநாள் என்று எடுத்தால் அந்த வித்தியாசத்தை வாடை என்று நினைத்துக்கொள்வோம். ஒரே இடம், ஒரே மேசை.

ஜனவரி 5

10.30: 1,011.3.

பைக்கால் ஏரிக்குத் தென்மேற்கே 1,050 சம அழுத்தக் கோடு வளைந்து மூடிக்கொண்டது. ஆர்க்டிக் பக்கத்துக் குளிர்காற்று அங்கே தேங்கிக் கனக்கிறது. சைபீரியாவின் அகாட்டாவில் 1968 டிசம்பர் 31 அன்று 1,083ஐத் தாண்டிப் பதிவானது, அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து இந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுவும் நினைவுக்கு வந்துவிடும்.

ஆனால் மங்கோலிய எண்களை அப்படியே நம்பக் கூடாது. உலான்பாத்தர் ஏறக்குறைய 1,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அளந்த அழுத்தத்தைக் கடல்மட்டத்துக்கு மாற்றும்போது, மலைக்குள்ளே இல்லாத ஒரு காற்றுத்தூணைக் கற்பனை செய்து கூட்டுகிறார்கள். தரைக் குளிர் கடுமையாக இருந்தால் அந்தத் தூண் அளவுக்கு மீறிக் கனத்துவிடும். உச்ச எண் எவ்வளவு என்பதைவிட, அது தென்கிழக்காகச் சரிகிறதா என்பதுதான் கேள்வி. 500 ஹெக்டோபாஸ்கல் வரைபடத்தில், அதாவது மேல்வானப் படத்தில், அழுத்தம் குறைந்த நீள்வளைவான தாழ்வுப்பள்ளம் இன்னும் சீனாவுக்கு மேற்கிலேயே நிற்கிறது. அது ஜப்பான் பக்கம் போனால்தான் அதன் பின்னால் குளிர்காற்று இறங்கி ஓடிவரும்.

ஜனவரி 6

10.30: 1,010.8. பள்ளம் நகரவில்லை.

ஜனவரி 7

10.30: 1,010.9. பள்ளம் நகர்ந்துவிட்டது! வூஹான் அழுத்தத்திலிருந்து ஹாங்காங் அழுத்தத்தைக் கழித்துப் பார்ப்பது என் வழக்கம். நேற்று 4, இன்று 9. பத்தைத் தாண்டினால் வாடை வருகிறது, தூங்கப்போவதில்லை.

மழைமானியைச் சமூகத் தோட்டத்தில் மறுபடி நிறுத்தியாயிற்று. குழுவில் மூன்று பேர் கேட்டதால் அளவுகளோடு எழுதிவைக்கிறேன்.

புனலின் வாய் 11.3 செ.மீ. குறுக்களவு இருந்தால் பரப்பு 100 சதுர செ.மீ. ஆகும். அப்போது 10 மி.லி. தண்ணீர் என்றால் 1 மி.மீ. மழை, வேறு கணக்கே வேண்டாம். விளிம்பு கூர்மையாக, கிடைமட்டமாக இருக்கட்டும். தரையிலிருந்து 30 செ.மீ. உயரம் போதும். பக்கத்தில் மரமோ கூரையோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். தாழ்வாரச் சுவர்மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். பதினொரு மாடி கீழே விழுந்தால் ஆள் உயிர் போகும். அதோடு சுவரில் மோதும் காற்று மேலே கிளம்பி மழைத்துளியையும் தூக்கிக்கொண்டு போவதால், புனலுக்குள் குறைவாகவே விழும்.

அடியில் எல்லாரும் வைப்பது ஒன்றரை லிட்டர் பாட்டில். அது 150 மி.மீ. வரைதான் பிடிக்கும். 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மி.மீ. கொட்டியது. ஜனவரி முழுவதுக்குமான சராசரியே 222.4தான். வாடை எழுச்சிக் காலத்தில் பாட்டில் வழிந்துவிட்டால், நமக்கு மிக முக்கியமான எண் மண்ணுக்குள் போய்விடும். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன். 1978 டிசம்பர் 2 போல ஒரே நாளில் 512.4 வந்தால் அதுவும் வழியும்.

கொசு: புனலின் கழுத்தில் நைலான் வலை, கேனுக்குள் சமையல் எண்ணெய் நாலு சொட்டு. எண்ணெய்ப் படலம் ஆவியாவதையும் தடுக்கும். எப்படியும் தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து கொட்டிவிட வேண்டும். எட்டு என்பது உலக நேரத்தில் பூச்சியம் மணி. மற்ற ஊர்க் கணக்கோடு பொருந்தும்.

பக்கத்து வீட்டு அக்கா: "தம்பி, மோர்மிளகாய் போடலாமா?" "வேணாம்க்கா. வெள்ளிக்கு மேல வெயிலே இருக்காது."

ஜனவரி 8

10.30: 1,011.4. கூடுதல் 0.5. ஒன்றும் சொல்ல முடியாது.

வூஹான் கழித்தல் ஹாங்காங்: 13.

குளிர்காற்றின் முன்விளிம்பான குளிர்முகம் ஹாங்காங்கைத் தாண்டிவிட்டது. ஹிமவாரி செயற்கைக்கோள் படத்தில் சீனக் கரையை விட்டுச் சற்றுத் தள்ளி, பாய் முடைந்ததுபோல் கோடுகோடாக மேகம். கரையை ஒட்டிய பட்டை மட்டும் வெறுமை. குளிர்ந்த உலர்காற்று கடலுக்குள் இறங்கியதும் அடியில் சூடேறி, ஈரம் குடித்து, கொஞ்ச தூரம் போன பிறகுதான் மேகமாகிறது. அந்த வெறும் பட்டை அகலமாக இருந்தால் காற்று நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று பொருள். பத்து நிமிடத்துக்கு ஒரு படம். நாற்பது படத்தைச் சேர்த்து ஓட்டினால் கோடுகள் தெற்கே ஊர்வது கண்ணுக்குத் தெரிகிறது.

ஹாங்காங்கிலிருந்து இங்கே ஏறத்தாழ 2,580 கி.மீ. விநாடிக்கு 15 மீட்டர் காற்று என்றால் 48 மணி நேரம். ஆனால் அழுத்தத்தின் முன்விளிம்பு காற்றைக் காத்திருக்காது. அலைபோல அதைவிட வேகமாக வந்துவிடும். அதனால்தான் இங்கே முதலில் அழுத்தமும் காற்றும், பிறகு மழை.

தங்கச்சி தெம்பனிசிலிருந்து கேட்கிறாள்: "ஹாங்காங்குல எட்டு டிகிரின்னா இங்கே எவ்வளவுண்ணே?" இங்கே வாடை குளிராக வருவதில்லை, தங்கச்சி. 2016 ஜனவரி 24 அன்று ஹாங்காங் 3.1 டிகிரிக்கு இறங்கியது, 1957க்குப் பிறகு மிகக் குறைவு. அந்தக் காற்றும் தென்சீனக் கடலைத் தாண்டியாக வேண்டும். கடல் அதை அடிநெடுகச் சூடாக்கி, நீராவியால் நிரப்பி அனுப்பும். குளிர் கடலிலேயே செத்துவிடும். நமக்கு வந்து சேருவது அதன் வேகமும் ஈரமும். இங்கே உணரும் குளிர், மழை ஆவியாகி எடுத்துக்கொள்ளும் வெப்பமும் நாள் முழுக்க மேகம் மறைக்கும் வெயிலும்தான்.

இரவு: வெப்பமானியை ஐஸில் சோதித்தேன். ஐஸைத் துணியில் சுற்றி நன்றாக நொறுக்கி, குடுவையில் அடைத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர். உணரி அடியைத் தொடக் கூடாது. பதினைந்து நிமிடம், அவ்வப்போது கலக்கி. 0.3 காட்டுகிறது. இனி எல்லா எண்ணிலும் 0.3 கழிக்கணும்.

ஜனவரி 9

10.30: 1,013.2.

கூடுதல் 1.8!

பதினைந்து பாகை வட அட்சத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 110க்கும் 117.5க்கும் இடையே, 925 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் வடக்குக் காற்றின் சராசரி விநாடிக்கு 8 மீட்டரைத் தாண்டினால் எழுச்சி என்பது ஆய்வாளர்கள் கையாளும் ஒரு வரையறை. கணினி மாதிரிக் கணிப்பில் 11 நிற்கிறது.

இப்போது ஒரே கவலை: எங்கே கொட்டும்? காற்று எங்கே தடுமாறிக் குவிகிறதோ அங்கேதான் கொட்டும். எழுச்சி சுமாராக இருந்தால் மலாயாவின் கிழக்குக் கரையோடு நின்றுவிடும். குவாந்தான் நனையும், நாம் மேகத்தை மட்டும் பார்ப்போம். அளவுக்கு மீறி வலுத்தால் நிலநடுக்கோட்டைத் தாண்டி ஜாவா வரைக்கும் ஓடிவிடும். 2020 புத்தாண்டன்று ஜகார்த்தாவின் ஹலிமில் 377 மி.மீ. பெய்தது. இரண்டுக்கும் நடுவில், குவியும் கோடு சரியாக நம் தலைமேல் நிற்க வேண்டும். போர்னியோவுக்கு மேற்கே சுழல் ஒன்று உருவானால் கோடு அதோடு வளையும். அந்தச் சுழலும் ஒரு எழுச்சியும் சேர்ந்துதான் 2001 டிசம்பரில் வாமெய் புயல் பிறந்தது, வெறும் 1.4 பாகை வட அட்சத்தில். டிசம்பர் 27 அன்று ஜொகூரில் கரையேறியது, இங்கிருந்து 60 கி.மீ.தான். இவ்வளவு தெற்கே புயல் சுழலாது என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இன்று சுழல் இருக்கிறது. ஆனால் மிகவும் வடக்கே.

துணி காயவைக்கும் மூங்கில் கழிகளையெல்லாம் உள்ளே எடுத்துவைக்கச் சொல்லி மாடி முழுக்கச் சொன்னேன்.

ஜனவரி 10

6.40 தூறல்.

8.00 கேனில் 2 மி.மீ. காற்று வடக்கு வடகிழக்கு, உருமுகிறது.

10.30: 1,014.1.

1.15 ரேடாரில் மஞ்சள், நடுநடுவே சிவப்பு. இடியே இல்லை. இடி இல்லாமல் மணிக்கணக்காகப் பெய்வதுதான் வாடை மழையின் அடையாளம். மேற்கிலிருந்து வரும் சுமத்ரா காற்றாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் கத்திவிட்டு ஓயும்.

4.00 வெப்பம் 23.1. பகலில்!

11.50 நிற்கவில்லை. நிற்க வேண்டாம்.

ஜனவரி 11

8.00: கேனில் 1,184 மி.லி. அதாவது 118.4 மி.மீ. பக்கத்திலிருக்கும் டிப்பிங் பக்கெட் மானி 104.6 காட்டுகிறது. பழுது இல்லை. 0.2 மி.மீ. நிறைந்ததும் வாளி சாய்கிறது. சாயும் அந்தக் கண நேரத்தில் விழும் தண்ணீர் ஏற்கெனவே நிறைந்த வாளியிலேயே விழுந்து கணக்கில் வராமல் போகிறது. மழை வலுக்க வலுக்க இழப்பும் கூடும். தானியங்கி மானி நேரத்துக்கு, கேன் மொத்தத்துக்கு.

10.30: 1,014.4. இந்த மாதத்தின் உச்சம்.

குறைந்த வெப்பம் 22.3, அதிகாலை 4.50. தாழ்வாரத்தில் தொங்கும் மானி அப்போது 23.5. அந்த 1.2 முழுக்கச் சுவர். காங்கிரீட் பகல் சூட்டை மழை இரவிலும் விட்டுக்கொண்டே இருக்கும். தாழ்வார எண்களைக் குழுவில் போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது.

22க்குக் கீழே போக வேண்டும். ஒரே ஒரு தடவை.

கடல் ஏற்றம் உச்சியிலிருக்கும்போது கனமழையும் சேர்ந்தால் கால்வாய்த் தண்ணீர் வடியாது. வாடையே கடல்மட்டத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. தாழ்வான சாலைப் பக்கம் வண்டி நிறுத்தியவர்களிடம் சொல்லியாயிற்று.

ஜனவரி 12

8.00: 61.0 மி.மீ. இரண்டு நாளும் சேர்த்து 179.4.

9.20க்கு 21.6 பதிவாகியிருக்கிறது.

அதை அடித்துவிட்டேன். மழை 9.05க்கு நின்றது. அதுவரை சாய்ந்தடித்த சாரலில், உணரிக்கு நிழல்தர அடுக்கிய வெள்ளைத் தட்டுகளின் 2 செ.மீ. இடைவெளி வழியே உணரி நனைந்திருந்தது. காற்று அடித்ததும் ஈரம் ஆவியாகி, உணரி தன்னைத்தானே குளிர்வித்துக்கொண்டது. அது காற்றின் வெப்பமே அல்ல, ஈரக்குமிழ் வெப்பம். 9.40க்குக் காய்ந்ததும் 22.7. தொடர்ந்து மழை பெய்யும்போது இந்தக் கோளாறு வராது, காற்று நிறைவுற்றிருக்கும். மழை விட்ட முதல் அரைமணிதான் ஏமாற்றும். உட்லண்ட்ஸ் அண்ணன், "விடுப்பா, ஒரு டிகிரிதானே, போட்டுக்க" என்கிறார். முடியாதுண்ணே. சிங்கப்பூரின் மிகக் குறைந்த வெப்பமான 1989 பிப்ரவரி 14இன் 19.0 எண்ணை இன்றுவரை நம்புகிறோம் என்றால், எழுதியவர் இப்படி எதையாவது அடித்திருப்பார்.

10.30: 1,013.8.

ஜனவரி 13

10.30: 1,012.9. குவியும் கோடு தெற்கே இறங்கிவிட்டது, ரேடாரில் பிந்தான் தீவுக்கும் அப்பால். வானம் வெள்ளை. காற்று மட்டும் இன்னும். 8 மணிக்கு 4.2 மி.மீ.

கேன் கழுவினேன். வலையில் வேப்பம்பூ.

"தம்பி, நாளைக்குக் கீழே பானை வைக்கலாமா?" "விடிகாலையில வைங்கக்கா. அடுப்புக்கு வடக்கேயும் கிழக்கேயும் தகரம் நிறுத்துங்க. இல்லன்னா தீ சாய்ஞ்சிடும்."

ஜனவரி 14

6.50: பானை பொங்கியது, தீ தென்மேற்காகச் சாய்ந்தபடியே. மழை இல்லை.

10.30: 1,011.7.

பைக்காலுக்குத் தென்மேற்கே மறுபடி 1,050.