சேத்துப்பட்டு மாதாவும் ஆரணி அண்ணனும்

மாதாவே, உமக்குக் கோடி நன்றி. திருவிழா முடிந்து இவ்வளவு நாள் கழித்துத்தான் எழுதக் கை வருகிறது.

வேலூரில் அம்மாவுக்கு இருதய ஆபரேஷன் ஆனபோது வைத்த நேர்ச்சை இது. நல்லபடியாக வீடு திரும்பினால் தாலிச் சங்கிலியிலிருந்து ஒரு குண்டு சேத்துப்பட்டு லூர்து மாதாவுக்கு. "ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் போட்டுட்டு வாங்கடா" என்றார் அம்மா. அண்ணனும் நானும் பேசி ஆறு வருஷம். அப்பா விட்டுப்போன மனையில் நடுச்சுவர் எங்கே வருவது என்ற சண்டை. ஆஸ்பத்திரிக்குக்கூட அவர் பகலில், நான் ராத்திரியில்.

சரி, நான் மட்டும் போனால் மாதா கோபிக்கவா போகிறார் என்று திருவிழா நாளான பிப்ரவரி 11 அன்று தனியாகக் கிளம்பினேன். ஆரணியில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. அண்ணன் வீடு இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. (சேத்துப்பட்டு இப்போது திருவண்ணாமலை மாவட்டமாம். 1989-க்கு முன்னால் பிறந்த எங்களுக்கு வட ஆற்காடுதான்.)

பிரெஞ்சுப் பாதிரியார் தாரஸ் சுவாமி கட்டிய கோயிலில் கால் வைக்க இடமில்லை. வேண்டாம் என்றாலும் மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டு நூறு ரூபாய் கேட்கிறார்கள். செருப்புக்கு இருபது!

ஒருவழியாகச் சுரூபத்தின் முன்னால் வந்துவிட்டேன். துணி முடிச்சை அவிழ்த்தேன். மிளகை விடக் கொஞ்சம் பெரிய குண்டு. உண்டியல் ஒரு முழ தூரத்தில். "போட்டுட்டு நகருப்பா" என்று பின்னால் ஒரு பாட்டி. கை விரியவில்லை. மாதா என்னைப் பார்க்கவும் இல்லை, வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேராகப் பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனேன். சாமி ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்லச் சொல்வார் என்று பார்த்தால், "மத்தேயு 5:24 தெரியுமா?" என்றார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு நல்லுறவு. தெரியும் சாமி என்றேன். "தெரிஞ்சா பஸ் பிடி."

ஆரணியில் அண்ணன் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பாவில் ஓர் இழை அறுந்திருந்தது போல, அதை முடிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அம்மா நடக்குதா?"

"நடக்குது. குண்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு. சனிக்கிழமை போலாமாண்ணா?"

பதில் இல்லை. அண்ணிதான் இலை போட்டார். அப்புறம் அண்ணனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாம்பார் என்ன, குழம்பு என்ன, ஒன்றும் நினைவில்லை. மாதாவே, மாதாவே என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை போனோம். கூட்டமே இல்லை. குண்டை அண்ணன் போட்டார். சுவர் விஷயம் இன்னும் பேசவில்லை. அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டோம்.

"ஒட்டி நில்லுங்கடா, ஒருத்தன் முகம்தான் தெரியுது" என்றார் அம்மா.