ஹெரால்டு டைரி: எதை மாத்துறது, எதை விட்டு வைக்கிறது

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பெரியப்பாவோட பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒருவழியா என் பேருக்கு வந்தாச்சு. மார்க் த்ரீ, 4 கதவு, 70 மாடல், நம்ம வண்டலூர் ஃபேக்டரியில செஞ்சது, 948 சிசி இன்ஜின். வண்டி கேட்டுக்குள்ள நுழையறதுக்குள்ளயே ஆளாளுக்கு ஐடியா சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. தம்பி மாருதி இன்ஜினைத் தூக்கிப் போடுங்குறான், பையனுக்கு அலாய் வீலும் ப்ளூடூத்தும் வேணுமாம், வீட்டம்மா ஏசி இல்லாம ஏறவே மாட்டேன்னுட்டாங்க. இங்கிலாந்துல இந்த இன்ஜின் புதுசா வந்தப்பவே 35 குதிரைசக்தி தான், அதுல ஏசி கம்ப்ரஸரை ஏத்தினா கத்திப்பாரா மேம்பாலத்துல நாமதான் இறங்கித் தள்ளணும்.

நான் எனக்குன்னு ஒரே ஒரு ரூல் வச்சிருக்கேன். எதை மாத்தினாலும் பழைய பார்ட்டை அதே ஓட்டைல அதே போல்ட்ல நாளைக்கே திருப்பி மாட்ட முடியணும். சேசிஸ்ல வெல்டிங் கிடையாது, பாடில டிரில் கிடையாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தம்பியோட இன்ஜின் ஐடியாவுக்கு முற்றுப்புள்ளி. மோட்டார் வாகன சட்டம் பிரிவு 52 படி கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மீறி மாத்தக்கூடாது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. அதுக்கும் மேல இன்னொண்ணு இருக்கு. 2021ல வந்த விண்டேஜ் ரூல் படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விஏ (VA) வரிசைல தனி விண்டேஜ் நம்பர் வாங்கலாம், ஃபீஸ் 20,000 ரூபா, 10 வருஷத்துக்கு செல்லும், ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெருசா கைவச்சிருக்கக் கூடாது. நான் இப்போதைக்கு விஏ போகல, ஏன்னா அந்த நம்பர் போட்டா ரேலி, கண்காட்சி, பெட்ரோல், ரிப்பேர்னுதான் வெளிய எடுக்கலாம், ஞாயித்துக்கிழமை மீன் வாங்கப் போக முடியாது. ஆனா பிற்காலத்துல வேணும்னா வாங்கிக்க வழி இருக்கணும்ல.

ஆகஸ்ட் 9, சனி

புதுப்பேட்டை, பழைய வண்டி பார்ட்ஸ் மார்க்கெட். பாய் கடைல பெஞ்ச் போட்டு உக்காந்து டீ குடிச்சிட்டே பேசினதுல எதை முதல்ல செய்யணும்னு தெளிவாயிடுச்சு. நான் ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் போடறதுல ஆரம்பிக்கலாம்னு சொன்னேன். "தம்பி, ஃபேனுக்கு கரண்ட் எங்கேருந்து வரும்?"னார். கரெக்ட்டுதான். லூகாஸ் டைனமோ முழு வேகத்துல சுத்தினாலே 22 ஆம்பியர் தான் தரும், சிக்னல்ல ஐடில்ல நிக்கும்போது கிட்டத்தட்ட ஒண்ணுமே தராது, டேஷ்போர்டுல அந்த செகப்பு லைட் மினுக்கிட்டே இருக்கும். மழைல வைப்பர், ஹெட்லைட், அதுக்கு மேல ஃபேன்னு போட்டா பேட்டரி கதை முடிஞ்சுது. அதனால முதல்ல டைனமோவுக்கு பதிலா, ஐடில்லயும் கரண்ட் தர்ற ஆல்டர்னேட்டர், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான். மாருதி 800 ஆல்டர்னேட்டர் ஊரெல்லாம் கிடைக்குது, லேத்துல ஒரு பிராக்கெட் அடிச்சா டைனமோ இருந்த இடத்துலயே உக்காந்துடும்.

இன்னொரு விஷயமும் பாய் சொன்னார். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிங்க பலதுல பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனையை பாடியோட இணைச்சிருப்பாங்க, அதைப் பாக்காம ஆல்டர்னேட்டர் மாட்டினா டயோடு போயிடும். உடனே பேட்டரி கனெக்ஷனைப் பாத்தோம். இதுல நெகட்டிவ் எர்த்துதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆல்டர்னேட்டர் ஏறிடுச்சு, டைனமோவும் அதோட சார்ஜைக் கட்டுப்படுத்தற கட்-அவுட் பெட்டியும் கோணிப்பைல பத்திரமா இருக்கு. ஹெட்லைட்டுக்கு பெரிய கரண்டைத் தாங்கற ரெண்டு ரிலே போட்டோம், இவ்ளோ நாளா மொத்த கரண்டும் அந்த பொடி ஸ்விட்ச் வழியாதான் போய்ட்டு இருந்திருக்கு. ஸ்பார்க்கை நேரம் பாத்து விடற பிளாட்டினம் பாயிண்ட்டுக்கு பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷன். பழைய பாயிண்ட், கண்டென்சர் ரெண்டையும் டப்பால போட்டு குளோவ் பாக்ஸ்ல வச்சுட்டேன், திண்டிவனம் தாண்டி அந்த எலக்ட்ரானிக் சாமான் படுத்துட்டா எந்த மெக்கானிக்காலயும் ஒண்ணும் பண்ண முடியாது, பாயிண்ட்னா உப்புத்தாள் தேய்ச்சாவது வீடு வந்து சேரலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்த வண்டில எனக்கு ரொம்பப் பிடிச்சது பானெட். மட்கார்டு, லைட்டு எல்லாத்தோடயும் மொத்த மூக்கும் முன்பக்கமா கவுந்துடும், நாம டயர் மேலயே சாஞ்சு உக்காந்து வேலை பாக்கலாம். அப்படி உக்காந்துதான் இன்னிக்கு டிரன்னியனைப் பாத்தேன். முன் வீல் திரும்பறதுக்கு கீழ்ப்பக்கம் இருக்கற பித்தளை மாதிரி பீஸ், அதுக்குள்ள வெர்டிகல் லிங்க்கோட மரை சுத்தும். இதுக்கு கியர் ஆயில் தான் விடணும், 90 நம்பர். ஆனா நிப்பிள் இருக்கறதைப் பாத்ததும் நம்ம ஆளுங்க கிரீஸ் கன்னை சொருகிடுவாங்க. கிரீஸ் மரைக்குள்ள முழுசா இறங்காது, தண்ணி பூந்து துருப்பிடிச்சு ஒரு நாள் லிங்க் உடைஞ்சு வீல் மடங்கிடும். கழட்டிப் பாத்தா கருப்பா காஞ்சு போன கிரீஸ் மெழுகு மாதிரி அப்பிக் கிடக்கு. மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு பிரஷ்ஷால தேய்ச்சதுல வலப்பக்க மரை நல்லா இருக்கு, இடப்பக்கம் அரிச்சிருக்கு. புது லிங்க் இங்கிலாந்துலேருந்து வரணும். அலாய் வீலுக்கு ஒதுக்கின காசு இதுக்குப் போகுது, பையன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்.

செப்டம்பர் 6, சனி

பின்னாடி இருக்கற ஸ்விங் ஆக்ஸில், அதாவது டிஃபரன்ஷியல்லேருந்து ஒவ்வொரு வீலும் தனித்தனியா மேல கீழ ஆடற ஆக்ஸில், பத்தி பெரிய விவாதம். குறுக்கால ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங், டிஃபரன்ஷியல் தலைமேல உக்காந்திருக்கும். வளைவுல வேகமா போய் பாதில ஆக்ஸிலேட்டரை சட்டுனு விட்டா வெளிப்பக்க வீல் உள்ள மடங்கி வால் வீசும். இங்க அதை யாருக்கும் பிடிக்கல, 72ல அதே கம்பெனியோட அடுத்த கார் கெஸல் வந்தப்போ ரெண்டு வீலையும் ஒரே தண்டுல இணைக்கற சாதா லைவ் ஆக்ஸிலுக்கே போயிட்டாங்க. கெஸல் ஆக்ஸிலைப் போட்டுடலாம்னு ஒருத்தர் சொன்னார், சேசிஸ்ல கை வைக்கணும், அதனால வேணாம். 1970 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார்ல வந்த, நடுவுல அசையற ஸ்விங் ஸ்பிரிங் அதே இடத்துல உக்காரும், கூடவே வண்டி சாயறதைக் குறைக்க முன்னாடி ஆன்டி ரோல் பாரைத் தடிமனா போடணும். நல்ல ஐடியா, ஆனா கஸ்டம்ஸ் சேத்தா தலை சுத்துது, அடுத்த வருஷம் பாக்கலாம். இப்போதைக்கு புது புஷ், புது ஷாக், பழைய வேகன்ஆருக்கு வந்த 145/80 ஆர்13 ரேடியல் டயர். பழைய ரிம்லயே ஏறுது, வீல் கப்பும் அப்படியே இருக்கு.

செப்டம்பர் 14, ஞாயிறு

முன்னாடி டிஸ்க் பிரேக் வாங்கணும்னு ஆசைதான், வெளிநாட்டு ஹெரால்டுகள்லயே பிற்காலத்துல வந்துச்சு, ரூலுக்கும் ஒத்துவரும். ஆனா டிரம்மை கடைஞ்சு, வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், லைனிங் எல்லாம் புதுசா போட்டப்புறம் பெடல் கல்லு மாதிரி நிக்குது, என் வேகத்துக்கு இது போதும். ஒரே லைன் பிரேக், எங்க ஒழுகினாலும் மொத்தமும் போயிடும்ங்கறதால ஸ்டீல் பைப்பையும் சேத்து மாத்திட்டோம்.

கடைசில எல்லாரும் மறக்கற ஐட்டம், பெட்ரோல் ஹோஸ். இப்போ பங்குல பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த E20 பெட்ரோல்தான் கிடைக்குது, பழைய ரப்பரை எத்தனால் ஊறவச்சுக் கரைச்சுடும். டேங்க்லேருந்து கார்புரேட்டர் வரைக்கும் எத்தனால் தாங்கற ஹோஸ், பம்ப் டயாஃப்ரமும் புதுசு. மொத்த லிஸ்ட்ல மலிவான வேலை இதுதான், தீப்பிடிக்காம இருக்கறதும் இதுலதான்.

ரேடியேட்டர் கோர் மாத்தக் குடுத்திருக்கு, வியாழக்கிழமை வரும், ஃபேன் அதோட சேத்து. பையனுக்கு சமாதானமா சீட்டுக்கு அடியில ஒரு ப்ளூடூத் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பின் பார்சல் ட்ரேல சும்மா வச்சுக்கலாம். வீட்டம்மாவுக்கு ஜன்னல் இருக்கு.