பந்துக்காகத் தேடும் மூக்கு

ரயில் நிலையத்தில் இன்று ஒரு மோப்ப நாய், வரிசையாக இருந்த பெட்டிகளை முகர்ந்துகொண்டே வந்தது. ஒரு நீலப் பைக்கு முன்னால் சட்டென்று உட்கார்ந்தது.

குரைக்கவில்லை. பையைத் தொடவும் இல்லை.

பயிற்சிக்காக இன்னொரு காவலர் ஒளித்துவைத்த மாதிரிப் பொருள்தான் உள்ளே இருந்தது. அடுத்த நொடி நாயின் வாயில் ஒரு ரப்பர் பந்து. உடம்பே ஆடும் அளவுக்குச் சந்தோஷம் அதற்கு!

அதற்கு அது ஒரு விளையாட்டு. நாள்கணக்கில் எதுவும் கிடைக்காவிட்டால் ஆர்வம் போய்விடும். அதனால் அவ்வப்போது இப்படி ஒளித்துவைக்கிறார்கள்.

வெடிமருந்து தேடும் நாய்க்கு அசையாமல் உட்காரத்தான் கற்றுத்தருகிறார்கள். பிறாண்டினால் வெடித்துவிடலாம் அல்லவா. அதே நாய்க்குப் போதைப்பொருளையும் பழக்குவது பொதுவாக வழக்கமில்லை. நாய் உட்கார்ந்தால், கூட்டத்தை விலக்குவதா, பையைத் திறப்பதா என்று கையாள்பவருக்கு உடனே தெரிய வேண்டும்.

ஆனால் அந்த அபார மூக்கையும் கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் குழப்பிவிட முடியும். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தேடவேண்டிய பொருள் எதுவுமே வைக்கப்படவில்லை. ஆனால் சில இடங்களில் இருப்பதாகக் கையாள்பவர்களிடம் சொல்லியிருந்தார்கள். நாய் கண்டுபிடித்துவிட்டது என்று அவர்கள் பலமுறை அறிவித்தார்கள்!

நாய் பொய் சொல்லாது. ஆனால் தன் ஆளின் தயக்கத்தையும் நடையையும் அது படிக்கும்.

ஒளித்த இடம் கையாள்பவருக்கும் தெரியாத பயிற்சியை எல்லா இடத்திலும் கட்டாயமாக்க வேண்டும். நாய் உட்கார்ந்ததை வைத்து ஒரு மனிதரைச் சந்தேகிக்கிறோமே.