சூரியன் எந்தப் பக்கம்?

விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலைக்காக என் மேசைக்கு வந்த ஒரு ஷாட். கதாநாயகி மழையில் ஓடி வருகிறாள். மூன்றரை விநாடி. விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 84 ஃப்ரேம். எங்கள் வழக்கத்தில் ஷாட்டின் ஃப்ரேம் எண் 1001-ல் தொடங்கும், ஆகவே 1001 முதல் 1084 வரை. அவளுடைய நனைந்த கூந்தலை இழை இழையாகப் பின்னணியிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். எளிதாகப் பிரித்தெடுக்க உதவும் நீலத்திரையைப் பின்னால் கட்டவில்லை. சாம்பல் நிறச் சுவர், அதன்மேல் கறுப்பு முடி, நடுவே மழைத்துளிகள். ஒன்பது நாள் அந்தக் கூந்தலோடு இருந்தேன். ஒரு இழை கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, 1046-ல் பிரிந்து, 1051-ல் காதுக்குப் பின்னால் போய் மறையும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அது தெரிகிறது.

பத்தாம் நாள் பின்னணி மாறிவிட்டது என்று தகவல் வந்தது. நகரத்துக்குப் பதிலாகக் காடு. சரி, முடிக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் பகல் இரவானது. முடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பகல் வெளிச்சம் இரவில் பொருந்தவில்லை, திரும்பவும் உட்கார்ந்தேன். அடுத்து, அவள் ஓடும் வேகத்தைக் கூட்டினார்கள், ஃப்ரேம்களின் எண்ணிக்கையே மாறியது. நாலாவது தடவை கோஆர்டினேட்டர் வந்து பக்கத்தில் நின்றார். "ஷாட் ஒமிட் ஆயிடுச்சு. ஃபோல்டரை மூடிடுங்க." படத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். படம் வெளியானதும் போய்ப் பார்த்தேன். அந்தப் படத்தில் மழையே இல்லை.

சென்னையில் ஹாலிவுட் படங்களுக்கு வேலை பார்க்க வந்து பதினைந்து வருடம் ஆகிறது. முதலில் ரோட்டோ, பிறகு பெயிண்ட், இப்போது காம்ப். ரோட்டோ என்றால் ஃப்ரேம் ஃப்ரேமாக ஓர் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பிரித்தெடுப்பது. பெயிண்ட் என்றால் கம்பி, கயிறு, மைக், பச்சை குத்திய கை என்று இருக்கக் கூடாததை அழித்துவிட்டு, அங்கே இருந்திருக்க வேண்டியதை வைப்பது. காம்ப் என்றால் இப்படித் தனித்தனியாக வந்த துண்டுகளையெல்லாம் ஒரே கேமராவில் எடுத்தது போலச் சேர்ப்பது. கோடு கொஞ்சம் துடித்தாலும் 'எட்ஜ் பாயில் ஆகுது' என்ற குறிப்போடு ஷாட் திரும்பி வந்துவிடும்.

எங்களில் பலரை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது 3டி அலை. 2009 டிசம்பரில் 'அவதார்' வந்து எல்லோரையும் 3டி பக்கம் திருப்பியது. 2010-ல் பெரிய படங்களைச் சாதாரணமாக எடுத்துவிட்டு, சில வாரங்களில் 3டி-க்கு மாற்றித் தரச் சொன்னார்கள். ஒரு முகத்தை 3டி ஆக்க வேண்டுமென்றால் மூக்கு, கன்னம், நெற்றி, காது எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்ட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், நிறைய வேண்டும். திருநெல்வேலியிலிருந்து பெட்டியோடு வந்த என்னைப் போன்றவர்களுக்கு மூன்று ஷிப்டிலும் இடம் இருந்தது. கிராக்கி குறைந்ததும் எங்கள் பேட்சில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். ஒருவன் இப்போது பாளையங்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். நல்ல கை அவனுக்கு.

ஹாலிவுட் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், கிராஃபிக்ஸ் அதிகமாகிவிட்டது, அதனால்தான் படங்கள் மனதில் நிற்பதில்லை என்று பலரும் சொல்கிறார்கள். எங்கள் மேசையிலிருந்து பார்க்கும்போது காரணம் அதற்கு முன்பே இருக்கிறது. படப்பிடிப்பு நடக்கும் நேரத்தில் அந்தக் காட்சி எப்படி இருக்கப்போகிறது என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. ப்ளேட்டைத் திறந்ததுமே இது தெரிந்துவிடும். கேமரா பதிவு செய்து எங்களுக்கு அனுப்பும் அசல் துண்டைத்தான் ப்ளேட் என்கிறோம். முன்பெல்லாம் ஒரு ப்ளேட்டைத் திறந்தால் நான் முதலில் தேடுவது நிழலை. நடிகரின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, தாடைக்குக் கீழே எவ்வளவு இருட்டு, கண்ணில் எந்த ஜன்னல் மின்னுகிறது என்று பார்ப்பேன். அதை வைத்தே சூரியன் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். பின்னால் எதைச் சேர்த்தாலும் அந்தச் சூரியனுக்குக் கட்டுப்பட வேண்டும்.

இப்போது வரும் பல ப்ளேட்டுகளில் சூரியனே இல்லை. நாலா பக்கமும் ஒரே அளவில் மெத்தென்ற வெளிச்சம். மூக்குக்கு நிழல் கிடையாது. காரணம் எளிது. பின்னணி பாலைவனமா, விண்கலமா, காலையா, மாலையா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். எதை வைத்தாலும் ஒட்டிக்கொள்ளட்டும் என்று யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெளிச்சத்தில் எடுத்து வைக்கிறார்கள். அப்படி எடுத்த முகத்தை நட்டநடு வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால், எவ்வளவு திறமையான காம்ப் ஆர்ட்டிஸ்டாக இருந்தாலும் முகம் மிதக்கத்தான் செய்யும். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது. ஆனால் அந்த ஆள் அங்கே இல்லை என்பது அவருடைய கண்ணுக்குத் தெரியும். பெரிய படங்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கின்றனவே என்று என் தம்பி கேட்கும்போது இதைத்தான் சொல்வேன்.

உடை விஷயத்திலும் இதே கதைதான். 2019-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில் நாயகர்கள் காலப் பயணத்துக்காக வெள்ளை உடை போட்டுக்கொள்வார்கள். அது துணியே கிடையாது, முழுக்கக் கணினியில் செய்தது. படம்பிடிக்கும்போது உடையின் வடிவம் முடிவாகவில்லை. வேலை அருமையாக வந்தது, அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஒரு தையற்காரரும் வடிவமைப்பாளரும் படப்பிடிப்புக்கு முன்பே முடித்திருக்கக்கூடிய ஒன்று, நூற்றுக்கணக்கான கலைஞர்களின் ராத்திரிகளுக்குள் போய்ச் சேர்ந்தது.

இதோடு 1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தை வைத்துப் பார்க்கிறேன். டைனோசர்கள் திரையில் வருவது மொத்தமே சுமார் 15 நிமிடம். அதிலும் கணினியில் செய்தது ஏறக்குறைய 6 நிமிடம்தான், மற்றவை இயந்திர பொம்மைகள். கணினி வேலை அன்று அவ்வளவு கடினம், அவ்வளவு செலவு. ஆகவே எந்த ஷாட்டில் பொம்மை, எந்த ஷாட்டில் கணினி, கேமரா எங்கே, மழை எவ்வளவு என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டியிருந்தது. அந்த ராட்சத டி-ரெக்ஸ் பொம்மை செயற்கை மழையில் தண்ணீரைக் குடித்துக் கனத்து நடுங்கியது, ஆட்கள் துண்டு வைத்துத் துடைத்துத் துடைத்து எடுத்தார்கள். அந்தத் தோலில் வழியும் தண்ணீரை இப்போது பெரிதாக்கிப் பார்த்தாலும் எனக்கு நம்பிக்கை வருகிறது. இன்றைக்குப் பெரிய படம் என்றால் கணினி வேலை உள்ள ஷாட்டுகள் மட்டும் 2,000, 2,500 என்பது சாதாரணம். எதையும் கடைசி வாரம் வரை மாற்றலாம் என்ற வசதி வந்ததும், மாற்றாமல் இருக்க யாருக்கும் தைரியம் இல்லை.

தைரியம் இல்லாமல் போனதற்குப் பணமும் காரணம். ஒரே படத்தில் 20 கோடி டாலர் போடுகிறார்கள். அவ்வளவு பணம் இருக்கும் இடத்தில் ஒரு ஆள் துணிந்து 'இதுதான்' என்று சொல்வது கஷ்டம். ரிலீஸ் தேதியைப் பல சமயம் கதைக்கு முன்பே அறிவித்துவிடுகிறார்கள். சோதனைக் காட்சி போட்டு, பார்த்தவர்கள் முகம் சுளித்த இடத்தை மாற்றுகிறார்கள். ஏற்கெனவே ஓடிய படத்தின் அடுத்த பாகம்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். 2024-ல் உலக வசூலில் முதல் மூன்று இடம் பிடித்த 'இன்சைட் அவுட் 2', 'டெட்பூல் & வுல்வரின்', 'மோனா 2' மூன்றுமே தொடர்ச்சிப் படங்கள்தான். வசூல் அப்படி வரும்போது அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனால் போன வருடம் செய்த அதே இடிந்து விழும் கட்டடத்தை, அதே புழுதியை, அதே வானத்தில் திறக்கும் ஓட்டையை இந்த வருடமும் செய்யும்போது கை ஓய்ந்துபோகிறது.

முடிவு மாறும்போது அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பது வெளியே அதிகம் பேசப்படாத சங்கதி. ஒரு ஷாட்டுக்கு இத்தனை மேன்டே, அதாவது ஒரு ஆள் செய்தால் இத்தனை நாள் என்று கணக்குப் போட்டு விலை பேசிவிடுவார்கள். அந்த விலை பெரும்பாலும் நிலையான விலை. ஐந்து தடவை மாற்றினாலும் கூடுதல் பணம் கேட்க நிறுவனங்கள் தயங்கும், ஏனென்றால் வேலை கொடுக்கும் பெரிய ஸ்டூடியோக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கேட்டால் அடுத்த படம் வேறு ஒருவருக்குப் போய்விடும். வரிச் சலுகை எங்கே கிடைக்கிறதோ அங்கே வேலை நகரும், லண்டன், வான்கூவர், மாண்ட்ரியல் என்று. அதிலும் கை வேலை அதிகம் உள்ள பகுதி இந்தியாவுக்கு வரும். கடைசியில் கூடுதல் நாட்கள் எல்லாம் எங்கள் சனி, ஞாயிறுகளாக மாறும்.

2013 பிப்ரவரி 24 ஆஸ்கர் இரவை எங்கள் தொழிலில் யாரும் மறக்கவில்லை. பாண்டிச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் விருது. பம்பாய் ஜெயஸ்ரீ பாடிய தமிழ்த் தாலாட்டு, சிறந்த பாடலுக்கான பட்டியலில் இருந்த வருடம் அதுதான். அந்தப் படத்தில் வரும் புலியைக் கணினியில் உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், விருதுக்குப் பதினோரு நாள் முன்பு திவால் மனு கொடுத்திருந்தது. விருது வாங்கிய பில் வெஸ்டன்ஹோஃபர் மேடையில் அந்த நிறுவனத்தின் நிலைமையைச் சொல்லத் தொடங்கியபோது, 'ஜாஸ்' படத்துச் சுறாமீன் இசையை ஒலிக்கவிட்டு மைக்கையும் நிறுத்திவிட்டார்கள். வெளியே பல நூறு கலைஞர்கள் பலகை பிடித்து நின்றுகொண்டிருந்தார்கள். இங்கே நாங்கள் கேன்டீனில் நின்றபடி அதைப் பார்த்தோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. டீ ஆறிப்போயிருந்தது.

இப்போது வந்திருக்கும் இன்னொரு வழக்கம் என்னை அதைவிட அதிகமாக வருத்துகிறது. 'எங்கள் படத்தில் எல்லாமே நிஜம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். 2022-ல் வந்த 'டாப் கன்: மேவரிக்' படத்தில் நடிகர்கள் நிஜமாகவே போர் விமானத்தில் பறந்தார்கள். உண்மை, அது பெரிய உழைப்பு. அதே படத்தில் 2,000-க்கும் மேற்பட்ட விஷுவல் எஃபெக்ட்ஸ் ஷாட்டுகளும் இருக்கின்றன. இரண்டு உழைப்பும் சேர்ந்துதான் அந்தப் படம் அவ்வளவு நன்றாக இருந்தது. ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறைக்கும்போது, அங்கே உட்கார்ந்து மேகத்தைத் துடைத்தவனுக்கு என்ன பதில் சொல்வது? படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது கடைசி வரை உட்கார்ந்திருப்பேன். நிறுவனத்தின் பெயர் வரும். எங்கள் பெயர்கள் பல படங்களில் வராது.

2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் மே மாதமும் நடிகர்கள் ஜூலையிலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். படப்பிடிப்பு நின்ற சில மாதங்களில் எங்களுக்கு ஷாட் வருவதும் நின்றது. எங்கள் ரோட்டோ ஃப்ளோரில் பாதி மானிட்டர்கள் அணைந்தே கிடந்தன. அதே வருடம் செப்டம்பரில் மார்வெல் நிறுவனத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தது எங்களுக்குப் பெரிய செய்தி. 2025 பிப்ரவரியில் எங்கள் தொழிலின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரு, மும்பை அலுவலகங்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. அந்த வாரம் எனக்கு வந்த போன்கள் எல்லாம் ஒரே கேள்விதான். "அண்ணே, உங்க பக்கம் ஏதாவது இருக்கா?"

நல்ல அனுபவம் இல்லாமல் இல்லை. சில வருடம் முன்பு நடுத்தரச் செலவில் எடுத்த ஒரு படம் வந்தது, நூற்றுச் சொச்சம் ஷாட்டுகள்தான். ஒவ்வொரு ப்ளேட்டோடும் ஒரு குறிப்புத் தாளின் படம் இருந்தது. லென்ஸ், கேமராவின் உயரம், பிறகு கையெழுத்தில் 'காலை 7.40, சூரியன் இடது பின்புறம்'. வெளிச்சம் எங்கிருந்து எப்படி விழுகிறது என்று காட்ட வெள்ளிப் பந்தும் சாம்பல் பந்தும் வைத்து எடுத்த ஃப்ரேம்கள் கூடவே வந்தன. வெள்ளிப் பந்தின் வளைவில் அந்த இடம் முழுக்கத் தெரிந்தது, மரம், வண்டி, குடையோடு நிற்கும் உதவியாளர் எல்லாம். பாழடைந்த ஒரு வீட்டின் ஜன்னலுக்கு வெளியே ஊரைச் சேர்க்க வேண்டும், அதுதான் எனக்கு வந்த ஷாட். கிழவியின் புறங்கையில் ஜன்னல் கம்பியின் நிழல் ஏற்கெனவே விழுந்திருந்தது. அந்த நிழலைப் பின்பற்றிப் போனேன், அவ்வளவுதான். மூன்றாவது வெர்ஷனில் ஃபைனல். இயக்குநரிடமிருந்து ஒரே ஒரு குறிப்பு வந்தது, வெளியே தெரியும் புகையைக் கொஞ்சம் மெதுவாகப் போக விடுங்கள் என்று.

அந்தப் படம் தமிழில் டப் ஆகி வந்தபோது அம்மாவை அழைத்துப் போனேன். என் ஷாட் நாலு விநாடி ஓடியது. நான் எதுவும் சொல்லவில்லை. அம்மாதான் என் பக்கம் சாய்ந்து, "நம்ம வீட்டுப் புறவாசல்ல காலம்பற விழுற வெயில் மாதிரியே இருக்குல்லா" என்றாள்.