கோத்தகிரிப் பக்கம் வார இறுதி சைக்கிள்: முதலில் பிரேக்கைப் பாருங்கள்

மேட்டுப்பாளையம் – கோத்தகிரி சாலை சுமார் 33 கி.மீ. சமவெளியில் 300 மீட்டர் சொச்சத்தில் கிளம்பி, 1,800 மீட்டருக்குப் பக்கத்தில் போய் முடிகிறது. ஏறிவிட முடியுமா என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். முன்னால் 30 அல்லது 32 பல், பின்னால் 51 பல் வரை உள்ள கேசட் (பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) இருந்தால், அவசரப்படாத யாரும் ஏறிவிடலாம். இந்த சைக்கிளில் இறங்க முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு. எங்களுக்குக் கவலை தருவது அதுதான்.

ஆளும் வண்டியுமாக 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்திலிருந்து கீழே வரும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் டிஸ்க் பிரேக்கின் இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகளுக்கும் (ரோட்டர்), அவற்றைக் கவ்வும் பேடுகளுக்கும்தான் போகிறது. பயத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்குகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல். தட்டு ஆற நேரமே கிடைப்பதில்லை. ரெசின் (பிசின் கலந்த) பேடின் முகம் கண்ணாடி போல வழவழத்துவிடும், அதன்பிறகு லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு இருக்காது. நேரான இடத்தில் வண்டியை ஓடவிடுங்கள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிடுங்கள். அந்தச் சில நொடிகளில் தட்டு கணிசமாக ஆறிவிடும். லீவர் திடீரென்று கைப்பிடி வரை அமுங்கினால் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது என்று பொருள். ஓரமாக நிறுத்தி, கால் மணி நேரமாவது ஆறவிட வேண்டும். தட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் வெந்துபோகும்.

ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். இன்னொரு நிறுவனமான ஸ்ராமின் பெரும்பாலான மாடல்களுக்கு டாட் 5.1 என்ற பிரேக் ஆயில். ஒன்றுக்குரியதை மற்றதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். டாட் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். வருடத்தில் பாதி நாள் மூடுபனியில் நிற்கும் சைக்கிளுக்கு வருடம் ஒரு முறை அதை மாற்றுவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பேடைப் பொறுத்தவரை மலைக்கு மெட்டல் பேடுதான் சரி. நனைந்தால் கத்தும், தொடக்கத்தில் பிடிப்பும் கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஆனால் சூட்டைத் தாங்கும், மழைச் சேற்றில் சீக்கிரம் கரையாது. வாங்குவதற்கு முன் ரோட்டரை ஒரு முறை பாருங்கள். விலை குறைந்த சில ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கும், அதில் மெட்டல் பேட் போட்டால் தட்டு தேய்ந்துவிடும். பேடின் கனம் 0.5 மி.மீ. வந்தால் மாற்றச் சொல்கிறது ஷிமானோ. மழைக்காலச் சனிக்கிழமையில் புது பேடே கண்ணெதிரில் தேயும் என்பதால் 1 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது எங்கள் பழக்கம். 160 மி.மீ. ரோட்டரோடு வந்த சைக்கிளில் ஃபோர்க் அனுமதித்தால் முன்னால் மட்டுமாவது 180 போடுங்கள். புது பேடைப் பதப்படுத்தாமல் மலைக்குக் கொண்டுவர வேண்டாம். சமதளத்தில் ஓரளவு வேகம் எடுத்து, நடை வேகத்துக்குக் குறைத்து, இப்படி இருபது முறையாவது செய்தால்தான் பிடிப்பு வரும்.

ரிம்மைக் கவ்வும் பழைய வி-பிரேக் சைக்கிளில் சூடு ரிம்முக்கும் டியூபுக்கும் போகும். நீண்ட இறக்கத்தில் டியூப் வெடிக்கக்கூடும். அதில் வருகிறவர்கள் அடிக்கடி நின்று நின்றுதான் இறங்க வேண்டும்.

தார்ச் சாலையை விட்டுத் தேயிலைத் தோட்டப் பாதையில் திரும்பியதும் கணக்கு மாறுகிறது. செம்மண் காய்ந்திருந்தால் நல்ல பிடிப்பு, நனைந்தால் களிமண் டயரின் பள்ளங்களை அடைத்து வழுக்கும். நிழல் விழும் கான்கிரீட் பாதை இன்னும் மோசம். காய்ந்தது போலத் தெரியும், மேலே பச்சைப் பாசி படிந்திருக்கும், அங்கே முன் பிரேக்கைத் தொடவே கூடாது. சில்வர் ஓக் மரத்தடியில் நனைந்த இலைகளும், யூகலிப்டஸ் மரத்தடியில் உருண்டைக் காய்களும் கிடக்கும். இரண்டின் மேலும் வண்டியைச் சாய்க்காமல் நேராகப் போங்கள். கவாத்து முடிந்த தோட்டத்தில் தனிக் கவனம் வேண்டும். வெட்டிய தேயிலைக் கட்டைகள் கூராக நிற்கும், டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். வெட்டிப் போட்ட மிலார் (குச்சி) ஒன்று பின் சக்கரத்தில் சிக்கினால் அடுத்த நொடியே மிதிப்பதை நிறுத்துங்கள். இன்னும் ஒரு மிதி மிதித்தால் டீரெய்லர் (பின்னால் கியர் மாற்றும் கருவி) ஆரங்களுக்குள் போய், அதை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கர் முறிந்துவிடும். உங்கள் சைக்கிள் மாடலுக்கான ஹேங்கர் மலையில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், ஒன்றைப் பையில் வைத்திருங்கள். அதோடு அறுந்த செயினை இணைக்க ஒரு குவிக் லிங்க், ஒரு ஜோடி பேட், ஒரு டியூப், கிழிந்த டயருக்கு உள்ளே வைக்க ஒரு துண்டு பழைய டயர்.

காற்று விஷயத்தில் ஒரு சந்தேகம் அடிக்கடி வருகிறது: கீழே அடித்த காற்று மேலே போனால் கூடுமா, குறையுமா? ஊட்டி 2,240 மீட்டர். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் கேஜில் சுமார் 3 பிஎஸ்ஐ கூடத் தெரிய வேண்டும். ஆனால் மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி, ஊட்டியில் காலை 12 டிகிரி என்றால், குளிரில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கிவிடும். ஆக ஏறக்குறைய அப்படியே இருக்கும், கவலை வேண்டாம். 70 கிலோ ஆளுக்கு, 2.2 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 23, பின்னால் 26 என்று தொடங்கலாம். டியூப் போட்டிருந்தால் ஐந்து பிஎஸ்ஐ கூட்டுங்கள், இல்லாவிட்டால் கல்லில் மோதி டியூபில் பாம்புக்கடி மாதிரி இரட்டை ஓட்டை விழும்.

எந்த மாதம், எந்தப் பக்கம் என்பதை மழைதான் முடிவு செய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், மேல்பவானி, அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதே மாதங்களில் கோத்தகிரியில் பெரும்பாலும் தூறலும் மேகமும்தான், ஓட்டலாம். அக்டோபர் வந்ததும் தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை நனைத்து ஊற வைக்கும். 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த நிலச்சரிவுகள் நீலகிரியில் நடந்தது இந்தப் பருவத்தில்தான். மண் சரிவு எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் மலைப்பாதைக்கு சைக்கிளோடு வரவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி வானம் தெளிவாக இருக்கும், ஆனால் பள்ளங்களில் விடியற்காலை உறைபனி. வெயில் படும் வரை பொறுத்துக் கிளம்புங்கள்.

முதல் முறை வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது கோத்தகிரி – கோடநாடு. ஒரு வழி சுமார் 18 கி.மீ., ஏற்ற இறக்கம் மிதமானது, இருபுறமும் தேயிலை. முடிவில் உள்ள காட்சிமுனையிலிருந்து மாயாறு பள்ளத்தாக்கும் ரங்கசாமி மலையும் தெரியும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. செங்குத்தான இறக்கம், கீழே யானைகள் நடமாடும் காடு. அதை விட்டுவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச்சட்டம் 1882இன்படி குற்றம். கூகுள் வரைபடத்தில் ஒற்றையடிப் பாதை தெரிகிறது என்பது அனுமதி ஆகாது. எஸ்டேட் பாதைக்கும் வாசலில் காவல்காரரிடமோ அலுவலகத்திலோ கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

தோட்டப் பாதை அங்கே வேலை செய்கிறவர்களின் பாதை. காலை எட்டு மணிவாக்கில் கொழுந்து பறிக்கக் கூட்டமாக நடந்து போவார்கள், மதியத்துக்கு மேல் மூட்டையைத் தலையில் வைத்து எடைபோடக் கொண்டுவருவார்கள். தலைச்சுமையோடு வரும் பெண்ணை ஒதுங்கச் செய்வது சரியல்ல. நீங்கள் இறங்கி, சரிவுப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். ஞாயிறு பெரும்பாலான எஸ்டேட்டுகளில் விடுமுறை, தோட்டப் பாதைகள் காலியாக இருக்கும், பிரதான சாலையோ சுற்றுலா வண்டிகளால் நிரம்பி வழியும். ஆக சனிக்கிழமை விடியலில் சாலை, ஞாயிறு தோட்டம் என்று வைத்துக்கொள்வது நல்லது. மருந்தடிக்கிற பாத்தியில் நுழையாதீர்கள். படுகர் ஹட்டிகளுக்கு (ஊர்களுக்கு) நடுவே போகும் பாதை குழந்தைகள் விளையாடும் இடம், நாய்களும் இருக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் நாயும் துரத்தாது, பாட்டிமார் வழியும் சொல்வார்கள்.

காட்டெருமை இங்கே தோட்டத்துக்குள்ளேயே மேய்கிறது. ஐம்பது மீட்டர் தள்ளியே நின்றுவிடுங்கள், மணி அடிக்க வேண்டாம், சத்தம் போட்டு விரட்ட வேண்டாம். ஒன்று பாதையைக் கடந்துவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தேயிலைக்குள் கன்றோடு இன்னொன்று நிற்கக்கூடும். கரடி வெளியே வருவது பொழுது சாயும் நேரம். மாலை ஐந்துக்குள் தார்ச் சாலைக்கு வந்துவிடுங்கள். வளைவுகளில் பேசிக்கொண்டே போவது நல்லது, சத்தமில்லாமல் இறங்கும் சைக்கிளைத் திடீரென்று கண்டு மிரளும் விலங்குதான் பாயும்.

காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது. சொந்தக் குப்பியில் இரண்டு லிட்டர் கொண்டுவாருங்கள், ஊர்களில் குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம். ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் பத்தே நிமிடத்தில் விரல் மரத்துவிடும், மரத்த விரலால் பிரேக்கைப் பிடிக்க முடியாது. ஒரு மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டும் முழுவிரல் கையுறையும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

திரும்பியதும் சேறு காய்வதற்குள் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிரஷர் வாஷரை ஹப் (சக்கரத்தின் மையம்), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு) பக்கம் காட்டினால் கிரீஸ் வெளியேறிவிடும். செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு ஈரக்காலச் செயின் எண்ணெய் விட்டு, கால் மணி கழித்து மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். ஸ்பிரே அடிக்காதீர்கள், ரோட்டரில் ஒரு துளி பட்டாலும் பேடு பாழ். மலையில் குடியிருக்கிறவர்கள் சைக்கிளை ஈரம் ஊறும் குளியலறைச் சுவருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். சீட் போஸ்டை மாதம் ஒரு முறை வெளியே எடுத்துக் கிரீஸ் தடவுங்கள். ஒரு மழைக்காலம் விட்டுவிட்டால் ஃபிரேமோடு இறுகிப்போய், பிறகு எடுப்பதே பெரும்பாடு.